மே மாதம் இரண்டாவது வாரம்

அவரிடம் ஒரு பொய்யைச் சொன்னால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். முதல் தடவை நாமாகச் சொல்வது. அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நம்மிடமே திருப்பிச் சொல்வார். சொல்லி முடித்து, "சரிதானே?" என்பார். அதற்கு "ஆமாங்க" என்கிறோமே, அது இரண்டாவது தடவை. முதல் தடவை எனக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த தரகர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். பெயர்தான் டைப்பிஸ்ட். போன் எடுப்பது, வருகிறவர்களை பெஞ்சில் உட்காரவைப்பது, உள்ளறையில் முதலாளி இருக்கும்போதே இல்லை என்று சொல்வது எல்லாமே என் வேலை. முதலாளி வீட்டுமனை, நிலம், பழைய டிராக்டர், பழைய லாரி என்று எதையும் கைமாற்றிவிடுவார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது, அவ்வளவுதான். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரிடமும் சரி என்பார். பிறகு என் பக்கம் திரும்புவார். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஏற்காட்டில் ஒரு மெட்ராஸ் கம்பெனி சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி, அவற்றை வாரக்கணக்கில் விற்றிருந்தது. ஒருவர் ஒரு வாரத்தை வாங்கினால், வருஷாவருஷம் அந்த வாரம் அந்த வீடு அவருக்கு. மற்ற வாரங்களில் மற்றவர்களுக்கு. வாங்கியவர்களில் சிலர் இரண்டு வருஷம் போய்வந்து, சலித்துப்போய், விற்றுவிடலாம் என்று நினைத்தார்கள். திருச்சியில் ரிட்டையரான ஒரு இன்ஜினீயர் அப்படித் தன் வாரத்தை எங்கள் முதலாளியிடம் விற்கக் கொடுத்தார். ஒன்பதாம் எண் வீடு, மே மாதம் இரண்டாவது வாரம்.

அதை வாங்கத்தான் நான் முதலில் சொன்ன அந்த அம்மாள் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாற்பதை நெருங்கும் வயது. ஒல்லி. காலை டியூட்டி முடித்து நேராக வந்திருந்ததால், காதில் மாட்டும் கருவியின் பட்டை தலையை அழுத்தி, வகிட்டுக்குக் குறுக்கே முடி ஒரு கோடாகப் படிந்திருந்தது. பிறகு எத்தனையோ முறை பார்த்தேன், அந்தக் கோடு எப்போதும் இருக்கும்.

முதலாளி அவருக்குக் காபி வரவழைத்தார். வாங்கப்போகிறவர்களுக்குத்தான் எங்கள் ஆபீசில் காபி.

"முப்பது நாள்ல கம்பெனியிலேர்ந்து உங்க பேருக்கு லெட்டர் வந்துரும்மா. அப்புறம் மே மாசம் ஜம்முனு போய் இறங்க வேண்டியதுதான்."

"முப்பது நாள்ல கம்பெனியிலேர்ந்து என் பேருக்கு லெட்டர் வந்துரும். மே மாசம் நான் போகலாம். சரிதானே சார்?"

முதலாளி சிரித்தார். "என்னம்மா, எக்ஸ்சேஞ்சுல நம்பர் சொல்ற மாதிரியே சொல்றீங்க!"

"பழக்கம் சார். திருப்பிச் சொல்லிச் சரி பாக்கலன்னா சாவு சேதி கல்யாண வூட்டுக்குப் போயிரும்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படித்தான் போய்விட்டதாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து என்னிடம் சொல்லும்போதும் அதற்கு அவர் சிரிக்கவில்லை.

முப்பது நாள் ஆயிற்று. லெட்டர் வரவில்லை. அவர் வர ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, பதினொரு மணிக்கு மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். இப்போது அவருக்குக் காபி கிடையாது.

"சார் வெளியூர் போயிருக்காருங்க. எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. திங்கக்கிழமைதான் வருவாரு."

"சார் வெளியூர் போயிருக்காரு. எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியாது. திங்கக்கிழமைதான் வருவாரு. சரிதானே?"

"ஆமாங்க."

உள்ளறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். அவர் அந்தக் கதவை ஒருமுறை பார்ப்பார், என்னை ஒருமுறை பார்ப்பார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்துகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இவர் "சரி, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்படித்தான்.

இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது கைக்குழந்தையாக இருந்தபோது கணவர் இறந்துவிட்டார். அண்ணன் வந்து மூன்று பேரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து அங்கேதான். அண்ணி குறை வைக்காதவர். சாப்பாடு, துணிமணி, காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரி, எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பது அண்ணிக்குத்தான் தெரியும். பெரிய பெண் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழை மாட்ட ஒரு ஆணி அடிக்கலாமா என்று கேட்டதற்கு, சுவர் பெயர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். சான்றிதழ் பெட்டிக்குள் போயிற்று.

"அண்ணன் சொன்னாரு, 'ஏன் வருத்தப்படுற, இது உன் வூடு மாதிரி'ன்னு. நான் திருப்பிச் சொன்னேன். 'என் வூடு மாதிரி. சரிதானேண்ணே?' அண்ணன் அப்புறம் அன்னிக்குப் பூரா பேசல."

அந்தப் பணத்துக்கு அரியலூரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"மனையில நிக்கத்தான் முடியும். இந்தச் சம்பளத்துல நான் எப்ப கட்டி எப்ப குடிபோறது? அதுக்குள்ள இதுங்க கல்யாணமாகிப் போயிருங்க. இது கட்டின வூடு. வருஷத்துல ஏழு நாளு கதவை நான் திறப்பேன், நான் சாத்துவேன். அடுப்படியில எந்த டப்பாவை எங்க வைக்கிறதுன்னு நான் சொல்வேன். ஏழு நாள் போதும்."

ஒருநாள் நானும் அரியலூர் போக வேண்டியிருந்தது, ஒரே பஸ்ஸில் போனோம். வழியில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே நிற்குமா என்று ஒரு கிழவர் கேட்க, கண்டக்டர் நிற்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா முன் சீட்டிலிருந்தபடி, "அங்க நிக்கும்னு சொல்றீங்க. சரிதானே?" என்றார். கண்டக்டர் நின்றார். தலையைச் சொறிந்தார். டிரைவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "இல்லைங்க, இது நிக்காது, பின்னாடி வர்ற வண்டியில வாங்க பெரியவரே" என்று அவரை இறக்கிவிட்டார்.

அந்தக் கண்டக்டருக்கு இருந்த கூச்சம் எனக்கு இருக்கவில்லை. அவ்வளவு நாள் அக்காவுக்கு லெட்டர் வராததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும்.

அக்கா வாங்கிய இரண்டாவது மாதத்தில் செந்துறைப் பக்கத்திலிருந்து ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். அவர் குடும்பத்துக்கும் மே மாதம்தான் வேண்டுமாம். அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார். முதலாளிக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. வரப்போகிற மே போகட்டும், அதற்கடுத்த வருஷத்திலிருந்து உங்களுக்குத்தான் என்று சொல்லி, என்னை ஒப்பந்தம் அடிக்கச் சொன்னார். ஒன்பதாம் எண் வீடு, மே மாதம் இரண்டாவது வாரம் என்று அடிக்கும்போது என் விரல் நின்றது.

"சார், இது ஆபரேட்டரம்மாவுக்குக் குடுத்ததுங்க."

"தெரியும்மா. அவங்களுக்கு ஆகஸ்ட்ல ஒண்ணு பாத்துக் குடுத்துக்கலாம். எந்த மாசம் போனாலும் மலை மலைதானே. நீ அடி."

அடித்தேன். இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டு, அக்காவின் பெயர் எழுதிய மாற்றல் ஃபாரம் கம்பெனிக்குப் போக வேண்டியது. பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று. கான்ட்ராக்டர் பெயருக்கு இன்னொரு ஃபாரம் வாங்குவதற்குள் இன்ஜினீயர் டெல்லியில் இருந்த மகனிடம் போய்விட்டார். ஆகவே கம்பெனிப் புத்தகத்தில் யார் பெயரும் மாறவில்லை.

ஏப்ரலில் முதலாளி ஒருவழியாக அக்காவைப் பார்த்து ஆகஸ்ட் மாதப் பேச்சை எடுத்தார். அக்கா தலையசைத்து மறுத்தார். "ஆகஸ்ட்ல பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் சார். நான் கேட்டது மே மாசம், நீங்க சரின்னு சொன்னதும் மே மாசம்."

"சரிம்மா, மே மாசமே போங்க. லெட்டர் வராட்டி என்ன, நான் போன்ல சொல்லிடறேன். பேரைச் சொன்னா சாவி குடுத்துருவாங்க."

"நீங்க போன்ல சொல்லிடுவீங்க. பேரைச் சொன்னா சாவி குடுத்துருவாங்க. சரிதானே?"

"சரிம்மா, சரி."

முதலாளி போன் செய்யவில்லை. நாலைந்து தடவை நான் ஞாபகப்படுத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

மே மாதத்தில் ஒரு பகல் பொழுதில் டிரங்கால் வந்தது. ஏற்காட்டிலிருந்து. அக்காவின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. பின்னால் ஒரு சிறு பெண் ஏதோ கேட்பதும், இன்னொரு பெண் அதட்டுவதும் கேட்டது.

"வாட்ச்மேன் லிஸ்ட்ல என் பேரு இல்லங்கறாரு. மேனேஜரும் பாத்துட்டாரு. இன்ஜினீயர் பேருதான் இன்னும் இருக்கு. சார்கிட்ட குடுங்க."

முதலாளி எனக்கு நாலடி தள்ளி, கதவோரம் நின்றிருந்தார். கையை ஆட்டினார்.

"சார் இல்லைங்க்கா."

மலைக்காற்றோ கம்பி இரைச்சலோ, ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"சார் இல்ல. சரிதானே?"

"ஆமாங்க்கா."

அவர் என் பொய்யை நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "சரி, பிள்ளைங்களுக்கு ஏரியக் காட்டிட்டுக் கிளம்புறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அவர்கள் வீடு திரும்பியபோது அண்ணி என்ன கேட்டிருப்பார், பிள்ளைகள் தெருவில் என்ன சொல்லிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்து என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் அவர் வரவில்லை. முதலாளி, "அம்மா அலுத்துட்டாங்க போலிருக்கு" என்றார்.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஆபீசைத் திறந்து நான் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே செருப்புச் சத்தம் கேட்டது. கையில் டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில். "மூணு நாள் லீவு போட்டிருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஏற்காட்டு மேனேஜரிடம் இன்ஜினீயரின் விலாசம் வாங்கி, திருச்சிக்கு எழுதி, அது டெல்லிக்குப் போய், அங்கிருந்து பதில் வந்திருந்தது. போன வருஷமே இந்த ஆபீசில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாக இன்ஜினீயர் எழுதியிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "என் பேரு எழுதின ஃபாரம் இந்த ஆபீசுல இல்ல. சரிதானே?"

நான் இன்னும் முதல் தடவைகூடச் சொல்லாத பொய் அது. இரண்டாவது தடவைக்கு மட்டும் என்னைக் கேட்கிறார். துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். என் கண் என்னையும் மீறி பீரோவுக்குப் போயிற்று. உடனே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

"நீ எடுக்காத" என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். "உன் வேலைக்கு வினையாயிரும். வச்சவரே எடுத்துக் குடுக்கட்டும்."

பத்து மணிக்கு முதலாளி வந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் சிரித்தபடி, "உங்க விஷயம் மெட்ராஸ்ல ஓடிக்கிட்டு இருக்கும்மா" என்றார். அக்கா கடிதத்தை நீட்டவும் சிரிப்பு நின்றது. "தேடிப் பாக்கணும்மா. ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"நான் இங்கயே இருக்கேன் சார். நீங்க தேடுங்க."

சிறிது நேரத்தில் செட்டிகுளத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மனை விஷயமாக வந்தார்கள். முதலாளி அவர்களுக்குக் காபி சொன்னார். "பதினஞ்சே நாள்ல பட்டா உங்க பேருக்கு மாறிடும்" என்றார்.

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை. எக்ஸ்சேஞ்சில் பேசும் அதே தெளிவான குரல். "பதினஞ்சு நாள்ல பட்டா மாறிடும்னு சொல்றாரு. சரிதானே சார்?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். "பதினஞ்சுன்னா... ஒரு மாசம்னு வச்சுக்குங்களேன்."

"ஒரு மாசம். சரிதானே?"

"அது தாலுகா ஆபீசைப் பொறுத்ததும்மா!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பெரியவங்களைக் கலந்துக்கிட்டு வரோங்க" என்று எழுந்து போனார்கள்.

அடுத்து கீழப்பழுவூர்க்காரர் ஒருவர், பழைய டிராக்டருக்காக. "இன்ஜின் கைவைக்காத வண்டி" என்றார் முதலாளி. "இன்ஜின் கைவைக்காத வண்டின்னு சொல்றாரு. சரிதானே சார்?" என்று கேட்டது பெஞ்ச். "ஒரே ஒரு தடவை, சும்மா திறந்து பாத்தாங்க" என்றார் முதலாளி. டிராக்டர்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் நாலு பேர் வந்து நாலு பேரும் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது. முதலாளி உள்ளறையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இப்ப வெளிய போறீங்களா, போலீசைக் கூப்புடட்டுமா?"

"கூப்புடுங்க சார். ஸ்டேஷன் நம்பர் எனக்கு மனப்பாடம். நானே போட்டுத் தரட்டுமா?"

முதலாளி உள்ளே போனார். அக்கா டிபன் கேரியரைத் திறந்து எனக்கும் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தார். சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது எழுந்து, "நாளைக்கு ஒம்போதரைக்கு வந்துடறேன்" என்று சொல்லிப் போனார். வந்தார்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு முதலாளி தானாகவே பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஃபாரத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். "ஒரு வாரத்துக்காக இவ்ளோ அழும்பாம்மா? வருஷத்துல ஒரே ஒரு வாரம்!"

அக்கா முதலில் ஃபாரத்தைத்தான் பார்த்தார். பெயர், வீட்டு எண், வாரம், கையெழுத்து என்று ஒவ்வொன்றையும் உதடசைத்துப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மிச்சம் அம்பத்தோரு வாரமும் எல்லாத்துக்கும் நான்தான் சார் சரி சரின்னுட்டு இருக்கேன்."

அன்றே அவர் பெரம்பலூர் போஸ்டாபீசில் தன் கையாலேயே அதை மெட்ராஸுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். ஐந்து வாரத்தில் கம்பெனி லெட்டர் வந்தது. அதைக் காட்ட ஒரு சனிக்கிழமை வந்தார். முதலாளி நிஜமாகவே ஊரில் இல்லை. நான் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் கான்ட்ராக்டர் தன் வாரத்தைப் பற்றி விசாரிக்க வந்தார். படியில் அவர் தலை தெரிந்ததுமே முதலாளி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கான்ட்ராக்டர் என்னிடம், "அவரு இருக்காராம்மா?" என்று கேட்டார்.

"இருக்காருங்க. உள்ளதான். போங்க."

அந்த மாதச் சம்பளத்தோடு என் வேலை முடிந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனுக்கள் டைப் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். அங்கே மேஜைக்குப் பின்னால் உள்ளறை கிடையாது.

அந்த மே மாதம் அக்கா என்னையும் கூப்பிட்டார். பெண்கள் இருவர், அக்கா, நான். ஆத்தூர் வழியாகச் சேலம் போய், மலை ஏறினோம். ஒன்பதாம் எண் வீடு அப்படியொன்றும் அழகான வீடு இல்லை. ஏரி தெரியும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பின்னால் கொஞ்சம் காப்பித் தோட்டமும்தான் தெரிந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டு இரும்புக் கட்டில். அக்கா சாவியை வாங்கியதும் நேராகச் சமையலறைக்குப் போய், இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்து, தான் நினைத்தபடி அடுக்கினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். இரண்டு டப்பாக்களை இடம் மாற்றினார். பெண்கள் ஓடி ஓடி எல்லாக் கதவுகளையும் திறந்து மூடினார்கள். சத்தம் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் அக்கா எழுந்திருக்கும்போது மணி ஒன்பது.

எட்டாவது நாள் காலையில் அடுத்த வாரத்துக் குடும்பம் வாசலில் வந்து நின்றது. ஈரோட்டுக்காரர்கள். பெட்டிகள், ஒரு கைக்குழந்தை. நாங்கள் பைகளை வெளியே வைத்தாயிற்று, பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா கொடுக்க வேண்டிய சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்த அம்மாளை உள்ளே அழைத்துப் போனார். நான் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. இந்தப் பின்கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க, அப்பதான் தாப்பா விழும். குழாயை இறுக்கி மூடுங்க, இல்லன்னா சொட்டிக்கிட்டே இருக்கும், குழந்தை தூங்காது. அடுப்புக்கு இடது பக்கத்துல நெருப்புப் பெட்டி. பால்காரரு ஏழு மணிக்கு வருவாரு, அவருகிட்ட நான் சொல்லியிருக்கேன். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, கூச்சப்படாதீங்க."